மழலைச் செழிப்புச் சபையில் ரமணியின் எடை

ஜப்பான்காரர்கள் கிள்ளானுக்கு வந்து ஒரு வருஷம் தாண்டிய பிறகுதான், இந்த நாட்டில் சிறு குழந்தைகளும் இருக்கிறார்கள் என்ற விஷயம் சர்க்காருக்குத் தெரிய வந்தது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? உடனே ஒரு சபை அமைத்தார்கள். 'கிராமிய மழலைச் செழிப்பு விசாரணைச் சபை' என்று அதற்குப் பெயர். தலைமை அலுவலகம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கிளை அலுவலகம் கிள்ளானில். இரண்டு கட்டடங்களுக்குள்ளும் மழலைகளை விடுவதில்லை. அதனால் வேலை அமைதியாக நடந்தது.

பயிர் செய்யும் குடும்பங்களின் வருமானத்துக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கண்டுபிடிப்பது சபையின் வேலை. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, வருமானம் ஏறினால் பிள்ளைக்குச் சதை ஏறும் என்று கண்டுபிடித்தார்கள். அதை நிரூபிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குப் பிள்ளைகள் தேவைப்பட்டன.

சபையின் செயலாளர் நாகையா. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு தோட்டக் கம்பெனி ஆபீசில் இருந்தவர். வருஷா வருஷம் மன்னர் பிறந்தநாளுக்கு வாழ்த்துரை வாசித்து நல்ல பெயர் எடுத்தவர். இப்போது அதே உரையை ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்கு வாசிக்கிறார். பெயரை மட்டும் அடித்து மாற்றியிருந்தார், மற்றபடி ஒரு வரியைக்கூடத் தொட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, பால் வெட்டிக்கொண்டிருந்த ஜனங்களிடம் மண்வெட்டியைக் கொடுத்து மரவள்ளிக்கிழங்கும் பச்சைப்பயறும் போடச் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்துக்குச் 'செழிப்புக் கம்பம்' என்று புதுப்பெயர் வைத்ததும் சபைதான்; கம்பம் என்றால் இங்கே கிராமம். பயறு விளைந்ததும் சபையின் லோரி வரும். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போகும். அந்த நோட்டுக்குக் கடையில் ஒன்றும் கிடைக்காது என்பது வேறு விஷயம், வருமானம் வருமானம்தானே! கிழங்கை மட்டும் ஜனங்களுக்கே விட்டுவைத்தார்கள். அதைப் பற்றி நாகையா கம்பத்துக்கு நேரில் வந்து ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினார்.

"அன்பார்ந்த குடியானவர்களே! அரிசி எங்கே, அரிசி எங்கே என்று கேட்கிறீர்கள். அரிசி சோம்பலைத் தரும் பண்டம். அந்த ஆபத்திலிருந்து உங்களைக் காப்பாற்றத்தான், இருக்கிற அரிசியை எல்லாம் அதிகாரிகளாகிய நாங்களே தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் தியாகத்தை நீங்கள் உணர வேண்டும். மரவள்ளிக்கிழங்கு அப்படியல்ல. அதில் சகல சத்தும் இருக்கிறது. நான் அதைத் தின்றதில்லை, ஆனால் அதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கிழங்கைக் குறை சொல்பவன் வெள்ளைக்காரனுக்குக் கூஜா தூக்குகிறவன்!"

ஜனங்கள் கை தட்டினார்கள். தட்டாதவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு சிப்பாய் நின்றிருந்தான்.

அந்தக் கூட்டத்தில் மகள் ரமணியை இடுப்பில் வைத்துக்கொண்டு நல்லம்மாளும் நின்றாள். அவள் பேச்சைச் சரியாகக் கேட்கவில்லை. பிள்ளையின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரமணிக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. ஓடியாடிய பிள்ளை ஒரு மாதமாக எழுந்து நிற்கவில்லை. முதலில் பாதம் வீங்கியது, பிறகு முழங்கால், பிறகு முகம். தோல் பளபளவென்று இருந்தது. மூச்சு விடும்போது மட்டும் ஏதோ இழுத்தது.

வீட்டில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. புருஷன் சின்னையாவைச் சயாமில் ரயில் ரோடு போட வேண்டும் என்று பாசாரில் வைத்தே பிடித்து லோரியில் ஏற்றிவிட்டார்கள். போனவரிடமிருந்து ஒரு சேதி இல்லை. நல்லம்மாள் தனியாகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்கு நடந்து, ஒரு மருந்துச்சாலையில் வைத்தியம் பார்க்கும் டிரசரிடம் காட்டினாள்.

"என்னம்மா குடுக்கிற சாப்பிட?" என்றார் டிரசர்.

"கிழங்குதாங்க. காலையில அவிச்சது, ராத்திரி சுட்டது."

"இது சதையில்ல. உடம்பு பூரா நீர் கோத்திருக்கு. மருந்து எங்கிட்ட இல்ல, இருந்தாலும் இதுக்கு மருந்து வேண்டியதில்ல. பச்சைப்பயறும் தவிடும் குடு, வடிஞ்சிடும். இப்படியே விட்டா நெஞ்சைப் பிடிச்சிடும்."

"பயறு நான்தாங்க போட்டேன். எல்லாத்தையும் சபை லோரி ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு."

"அப்ப சபையிலயே கேளு. பிள்ளைக்கு நோவுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்கன்னா அவங்க ஸ்டோர்ல பயறு போடுவாங்க. சீக்கிரம் போ தாயி, நாளைக் கடத்தாதே."

தான் போட்ட பயற்றில் ஒரு பிடியைத் தன் பிள்ளைக்கு வாங்க, சபையிடம் ஒரு சீட்டு வாங்க வேண்டும். இவ்வளவுதான் காரியம். நல்லம்மாள் அதைச் சுலபமான காரியம் என்று நினைத்தாள். சபை என்றால் என்னவென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அதிக எடையுள்ள பிள்ளைக்குப் பரிசு என்று சபை அறிவித்திருந்த எடை பார்க்கும் நாள் வந்தது. பழைய தோட்டத்தில் ரப்பர் பால் எடை போட்ட தராசைப் பால் ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து, கிள்ளான் கிளையின் வாசலில் ஓர் உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். தராசோடு கூடவே அதைப் பிடித்துக் கணக்கெழுதிப் பழகிய தம்புசாமி கிராணியும் வந்து சேர்ந்தார். பால் வாளி மாட்டுகிற கொக்கியில் அதே வாளியை மாட்டி, அதற்குள் பிள்ளையை உட்காரவைத்து எடை பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. தராசுக்கு மேலே சூரியக் கொடி கட்டியிருந்ததால், வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் பிள்ளையை வாளியில் போட வேண்டும். குனியும்போது இடுப்பிலிருந்த ஒரு பிள்ளை நழுவி விழுந்தது. அதன் தாய் அரைகுறையாக வணங்கினாள் என்று கன்னத்தில் ஓர் அறை கிடைத்தது.

எடைக்கு முன்னால் வருமான விசாரணை. நாகையாவே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"குடும்பத் தலைவர் எங்கே?"

"சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க ஐயா. ரயில் ரோடு போட."

'வெளிநாட்டில் ரயில்வே உத்தியோகம்' என்று எழுதினார் நாகையா.

"பயிர்?"

"பயறு போட்டேங்க. ஒரு மணி மிச்சமில்லாம லோரியில..."

'தானிய வியாபாரமும் உண்டு.'

"வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்?"

"நானும் பிள்ளையும்தாங்க. அதுவும் ஒருவேளை..."

'செலவு மிகக் குறைவு.' நாகையா பேனாவை மூடிவிட்டு அவளைப் புது மரியாதையோடு பார்த்தார். "இந்தக் கம்பத்திலேயே அதிக வருமானம் உள்ள குடும்பம் உங்களுடையதுதான் அம்மா."

நல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்து.

ரமணியை வாளிக்குள் வைத்தார்கள். பிள்ளை அழவில்லை, அழ மூச்சு இல்லை. தம்புசாமி கிராணிக்கு ஆயுசு முழுக்க அந்தத் தராசடியில்தான் போயிருந்தது. வாளியைப் பார்த்தால் வாயில் அதே வார்த்தைகள்தான் வரும்.

"தண்ணி கலந்தியா?" என்றார்.

"ஐயா?"

அவர் காதில் விழவில்லை. முள்ளைப் பார்த்துக் கணீரென்று சொன்னார்: "இருபத்து நாலு காத்தி. தண்ணிக் கழிவு ஆறு. நிகரம் பதினெட்டு. அடுத்த ஆள்!"

தோட்டத்தில் அப்படித்தான் வழக்கம். பாலில் தண்ணீர் இருக்கும் என்று எடையில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கணக்கு எழுதுவார்கள். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். நாகையா எழுந்து வந்தார்.

"ஓய் தம்புசாமி! இது என்ன ரப்பர் பாலா? பிள்ளைக்கு ஏதய்யா தண்ணிக் கழிவு?"

"பழக்கதோஷம்ங்க ஐயா. மன்னிக்கணும்."

"கழிவை அடித்துவிட்டு இருபத்து நாலு என்று எழுதும்!"

சபை ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே சொல்லப்பட்ட ஒரே உண்மை அந்தத் தண்ணிக் கழிவுதான். அதையும் சொன்னவர் தெரியாமல்தான் சொன்னார். உடனே அதை அடித்துவிட்டார்கள்.

இருபத்து நாலு காத்தி! ராத்தல் கணக்கில் முப்பத்திரண்டு. கம்பத்தில் வேறெந்தப் பிள்ளையும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. அதிக வருமானமுள்ள குடும்பம், அதிக எடையுள்ள பிள்ளை. நாகையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கொள்கை இவ்வளவு சுத்தமாக நிரூபணமாவதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"ஐயா, பிள்ளைக்கு நோவுன்னு ஒரு சீட்டு..." என்று ஆரம்பித்தாள் நல்லம்மாள்.

"நோயா? யாருக்கு? இந்தப் பிள்ளைக்கா? ஜில்லாவிலேயே முதல் பரிசு அம்மா, முதல் பரிசு!"

"மூச்சு வாங்குதுங்க. டிரசரய்யா பயறு குடுக்கணும்னு..."

"முதல் பரிசு வாங்கிய பிள்ளைக்கு நோய் என்று நான் சீட்டு எழுதினால் பரிசுக்கு என்ன மரியாதை? சபைக்கு என்ன மரியாதை? கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள்."

நல்லம்மாள் யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

அடுத்த வாரமே பிரிக்பீல்ட்ஸில் பரிசளிப்பு விழா. கிள்ளானிலிருந்து ரயிலில் அழைத்துப் போனார்கள். மேடையில் காகிதத் தோரணம், மேசை மேல் கிழங்கு ரொட்டி, கிழங்குப் பாயசம், கிழங்குக் காப்பி. விருந்தினர்கள் தொட்டுப் பார்க்க மட்டும் வைத்திருந்தார்கள். அதிகாரிகளின் பிள்ளைகள் யாரும் போட்டியில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் நிஜமாகவே கொழுகொழுவென்று இருந்ததால் கம்பத்துப் பிள்ளைகளோடு நிறுத்துவது நியாயமாகாது என்று சபை தீர்மானித்திருந்தது.

சபையின் ஜப்பானியத் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். நாகையாதான் மொழிபெயர்ப்பாளர். அவருக்கு ஜப்பான் பாஷையில் 'ஆமாம்', 'நன்றி', 'மிகவும் நல்லது' என்ற மூன்றும் பிழையில்லாமல் வரும். எதையும் இந்த மூன்றுக்குள் அடக்கிவிடுவார். தலைவருக்கும் வேறெதையும் கேட்கும் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

ரமணியை வாளியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு நாகையா பேசினார்.

"பசி என்பது பழைய ஆட்சியின் கெட்ட பழக்கம். அதை நாம் ஒழித்துவிட்டோம். இதோ சாட்சி! இந்த அம்மாளின் கணவர் தூர தேசத்தில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்து கை நிறையச் சம்பாதிக்கிறார். அந்தச் சம்பாத்தியம்தான் இந்தக் குழந்தையின் கன்னத்தில் தெரிகிறது!"

நல்லம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். புருஷனைப் பற்றி ஒரு மனிதர் பேசி அவள் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. மேடை, கூட்டம், கொடி எல்லாம் மறந்துபோய் நாகையாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அவரைப் பாத்தீங்களா? எங்க இருக்காருங்க? நல்லா இருக்காரா?"

"என்ன சொல்கிறாள்?" என்பதுபோலத் தலைவர் பார்த்தார்.

"நன்றி" என்றார் நாகையா, ஜப்பான் பாஷையில்.

"ஐயா, பயறு ஒரு பிடி குடுக்கச் சொல்லுங்க. பிள்ளை செத்துப்போயிடும்யா."

"மிகவும் நல்லது" என்றார் நாகையா.

தலைவருக்கு மகிழ்ச்சி. எழுந்து வந்து, பிள்ளை எவ்வளவு புஷ்டி என்று பார்க்கக் கட்டைவிரலால் ரமணியின் காலை அழுத்தினார். விரலை எடுத்தார். விரல் இருந்த இடத்தில் ஒரு குழி அப்படியே நின்றது. தலைவர் குனிந்து பார்த்தார். குழி மறையவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தலைவரின் ஆசி பதிந்துவிட்டது!" என்று கூவினார் நாகையா. கைதட்டல் வானைப் பிளந்தது.

பரிசு ஒரு மூட்டை மரவள்ளி மாவு. அதோடு ஒரு வாழ்த்துப் பத்திரம்.

தலையில் மாவு மூட்டை, இடுப்பில் பிள்ளையுமாக நல்லம்மாள் கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கியபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே முத்து முகம்மதின் சாப்பாட்டுக் கடை. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், அந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் 'நானா', அதாவது அண்ணன். ஒரு காலத்தில் அந்தக் கடையில் நெய்ச்சோற்று வாசம் தெருக்கோடி வரை வரும். இப்போது அவரும் கிழங்கு ரொட்டிதான் தட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"யா அல்லா! என்ன தங்கச்சி, பிள்ளை இப்படி ஊதிக் கிடக்கு?"

"முதல் பரிசு நானா" என்றாள் நல்லம்மாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

முத்து முகம்மது உள்ளே போனார். கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு பையும், ஒரு சின்னச் சாக்கும் கொண்டுவந்து வைத்தார்.

"அந்த மாவை இங்க போட்டுட்டுப் போ, எனக்கு ரொட்டிக்கு ஆகும். இதுல பயறு இருக்கு. தவிட்டை வறுத்துக் கஞ்சியில போடு. பயறை வேகவெச்சுக் குடு. தீந்தா வா லா, வெக்கப்படாதே."

நல்லம்மாள் சாக்கைத் தடவிப் பார்த்தாள். ஒரு மூலையில் நீலக்கரை போட்ட துணியால் ஒட்டுப் போட்டிருந்தது. சின்னையாவின் பழைய வேட்டியைக் கிழித்து அவளே போட்ட ஒட்டு.

"நானா, இது என்னோட சாக்கு."

"இருக்கும் தங்கச்சி. சபையோட பின்வாசல்லதான் வாங்கினேன். முன்வாசல்ல போனா சீட்டு கேப்பாங்க. பின்வாசல்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பயறு தன் வேலையைச் செய்தது. தவிடும் செய்தது. சில நாளில் ரமணி படுக்கையை நனைத்து நனைத்து நீர் எல்லாம் வெளியேறியது. கன்னம் வற்றியது, கால் வற்றியது, எலும்புக்கூடாய் ஒரு சின்னப் பெண் உள்ளிருந்து வெளியே வந்தாள். ஒருநாள் காலையில் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். அடுத்த வாரம் கோழிக்குப் பின்னால் ஓடினாள். நல்லம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை பிழைத்துவிட்டது, இனி யார் என்ன சொன்னால் என்ன என்று நினைத்தாள்.

சபை சொன்னது. மறு எடைக்கு வந்த ரமணி பதினேழு காத்திதான் இருந்தாள். நாகையா முள்ளைத் தானே வந்து பார்த்தார். தராசைத் தட்டிப் பார்த்தார். பிறகு விசாரணை வைத்தார்.

"ஏழு காத்தி எங்கே போயிற்று?"

"வடிஞ்சிடுச்சுங்க. இப்ப நல்லா ஓடுறாளுங்க ஐயா, பாருங்க."

"பிள்ளை ஓடுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. ஓடுகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. முதல் பரிசு எடை எங்கே? படம் எடுத்துப் பத்திரிகையில் போட்ட பிறகு அந்த எடை உங்கள் சொந்த எடையல்ல அம்மா, சர்க்கார் எடை. உங்கள் வசம் ஒப்படைக்கப்பட்டது. அதைக் குறைப்பது சதிவேலை! என்ன கொடுத்தீர்கள் பிள்ளைக்கு?"

பயறு என்று சொன்னால் பின்வாசல் வரை கேள்வி போகும். முத்து முகம்மதின் தலை போய்விடும். நல்லம்மாள் வாயைத் திறக்கவில்லை.

"ரப்பர் ஷீட்டு காஞ்சா எடை குறையறது வழக்கம்தானுங்களே ஐயா..." என்றார் தம்புசாமி மெதுவாக.

"உம்மைக் கேட்டேனா?"

தம்புசாமி தராசுச் சங்கிலியைத் துடைக்கப் போய்விட்டார்.

தீர்ப்பு எழுதப்பட்டது. மாதக் கடைசியில் தலைவர் கிள்ளானுக்கு வந்து பரிசுப் பிள்ளையை மீண்டும் பார்வையிடுவார். அதற்குள் எடை பழைய நிலைக்கு வர வேண்டும். வராவிட்டால் தாய்க்கு வளர்க்கத் தெரியவில்லை என்று பொருள். பிள்ளையைச் சபை எடுத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் வைத்து வேளைக்கு வேளை கிழங்கு மட்டும் கொடுத்து முறைப்படி செழிக்கவைக்கும்.

"வேணாங்கய்யா! எம்புள்ள ஒண்ணுதாங்க எனக்கு!" நல்லம்மாள் காலில் விழுந்தாள்.

"அழாதீர்கள். எங்களுக்கு இருக்கும் அக்கறை உங்களுக்கும் இருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?" என்றார் நாகையா. நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. கொள்கையில் கொஞ்சம் பற்று அதிகம், அவ்வளவுதான்.

நல்லம்மாள் வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். மறுபடி கிழங்கைக் கொடுத்தால் பிள்ளை ஊதும், சபை சந்தோஷப்படும், பிள்ளை செத்துப்போகும். கொடுக்காவிட்டால் சபையே எடுத்துக்கொண்டுபோய் அதைச் செய்துவிடும். இரண்டுக்கும் நடுவே அவளுக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். தோட்டத்தில் உறைந்துபோன கட்டிப்பால் எடை காணாதபோது அதன் உள்ளே நாலு கல்லை வைத்து உருட்டிவிடுவார்கள். ஒருமுறை தம்புசாமி கிராணி அவளைக் கையும் களவுமாகப் பிடித்து அரைநாள் சம்பளத்தை வெட்டியிருக்கிறார்.

ஆற்றோரம் போய்க் கூழாங்கல் பொறுக்கினாள். பயறு வந்த சாக்குத் துணியில் பிள்ளைக்கு ஒரு பாவாடை தைத்து, ஓரத்தை இரண்டாக மடித்து, உள்ளே வரிசையாகக் கல்லை வைத்துத் தைத்தாள். இடுப்புப் பட்டையிலும் வைத்தாள். கன்னத்துக்கு இரண்டு பக்கமும் அதக்கிக்கொள்ளப் புளியங்கொட்டை கொடுத்துப் பழக்கினாள். "வாளிக்குள்ள உக்காந்தா அசையக் கூடாது கண்ணு. கல்லு சத்தம் போடும்" என்று சொல்லிச் சொல்லி வைத்தாள்.

மாதக் கடைசியில் தலைவர் வரவில்லை, ஏதோ யுத்த வேலை. ஆனால் எடை பார்க்கத் தவறவில்லை. ரமணி கன்னத்தை உப்பிக்கொண்டு வாளியில் உட்கார்ந்தாள். தம்புசாமி வாளியைக் கொக்கியில் மாட்டத் தூக்கினார். எத்தனையோ வருஷம் கட்டிப்பாலைத் தூக்கிப் பார்த்த கை அது. அவர் கை பாவாடை ஓரத்தில் பட்டது. நின்றது.

அவர் நல்லம்மாளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இருபத்து நாலு காத்தி!" என்றார் தம்புசாமி. இம்முறை கழிவு எதையும் சொல்லவில்லை.

"பார்த்தீரா? மனம் இருந்தால் முடிகிறது" என்றார் நாகையா.

அதிலிருந்து யுத்தம் முடியும்வரை, எடை நாள் வந்தால் கல்லும் வரும். முத்து முகம்மதின் கடையிலிருந்து பயறும் வரும். சபையின் அறிக்கையில் ரமணி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செழித்துக்கொண்டே போனாள்.

பிறகு ஒருநாள் ஜப்பான்காரன் தோற்றான். சூரியக் கொடியை இறக்கினார்கள், பழைய கொடியை ஏற்றினார்கள். கிள்ளானில் அந்தக் கட்டடத்தின் பலகையை மாற்றி 'கிராமியக் குழந்தைகள் பசிக்கொடுமை விசாரணைக் கமிஷன்' என்று எழுதினார்கள். உள்ளே அதே மேசை, அதே நாகையா. தன் பிறந்தநாள் உரையில் பெயரை மறுபடி அடித்து மாற்றிவிட்டுத் தயாராக இருந்தார். வாசலில் அதே தராசு, அதே தம்புசாமி. சுவரில் அதே ஆணியில் அதே படம்: வாளிக்குள் ஊதிய முகத்தோடு ரமணி. படத்தின் கீழே முன்பு 'செழிப்பின் சின்னம்' என்று இருந்தது, இப்போது 'ஜப்பானியக் கொடுமையின் சின்னம்' என்று இருந்தது. யாரும் ஆணியைக்கூட மாற்றவில்லை.

கமிஷன் பால் மாவு டின் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு நல்லம்மாள் வந்தாள். சயாமிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் அவள் ஸ்டேஷனுக்குப் போய் நின்று பார்த்தாள். சின்னையா இறங்கவில்லை.

"குடும்பத் தலைவர்?" என்றார் நாகையா, முகத்தை நிமிர்த்தாமல்.

"சயாம்லேருந்து இன்னும் வரலைங்க."

'வெளிநாட்டு உத்தியோகம் தொடர்கிறது' என்று எழுதினார். "வருமானம் இருக்கிற குடும்பம். இருந்தாலும் பிள்ளை எடை பதினெட்டுக்குக் கீழே இருந்தால் ஒரு டின் உண்டு. போய் எடை பாருங்கள்."

நல்லம்மாள் கையிலிருந்த துணி மூட்டையைத் தராசடியில் வைத்தாள். ரமணியை வாளியில் உட்காரவைத்தார்கள். தம்புசாமி முள்ளைப் பார்த்தார். முள் இருபத்தாறைத் தாண்டி நின்றது. அவர் பாவாடை ஓரத்தைத் தொட்டார். குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, இன்னிக்கும் கல்லு வெச்சுக்கிட்டா வந்த?"

"சபைன்னா எடை வேணுமே ஐயா" என்றாள் நல்லம்மாள்.

"அது போன சர்க்கார் தாயி! இவங்களுக்கு எடை குறைஞ்சாத்தான் பால்!"

மாறியது எது, மாறாதது எது என்று நல்லம்மாளுக்குப் பிடிபடவில்லை. பிறகு வாளியண்டை போய்ப் பாவாடை ஓரத்தை வாயில் வைத்து நூலைக் கடித்தாள். கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக வாளிக்குள் உருண்டு டங் டங் என்று விழுந்தன. ஆபீசே எட்டிப் பார்த்தது. நாகையா ஓடிவந்தார்.

"என்ன இது? என்ன இதெல்லாம்?"

நல்லம்மாள் கல்லை எல்லாம் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"போன தடவை நீங்க கேட்ட எடைங்கய்யா. திருப்பி எடுத்துக்கிறேன்."

வாளி மேலே எழுந்தது. முள் இறங்கி இறங்கிப் பதினெட்டில் வந்து நின்றது. சரியாகப் பதினெட்டு. கீழே இல்லை.

"விதிப்படி இல்லை. அடுத்தவர்" என்றார் நாகையா. ஆனால் அவர் கண் முந்தானைக் கற்களின் மேலேயே இருந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அன்று மாலையே அவை ஒரு கண்ணாடிப் பெட்டியில், படத்துக்குக் கீழே, 'ஜப்பானியர் நம் குழந்தைகளுக்கு உண்ணக் கொடுத்த கற்கள்' என்ற அட்டையோடு காட்சிக்கு வைக்கப்பட்டன. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

நல்லம்மாள் வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் துணி மூட்டை கனப்பதைக் கவனித்தாள். அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே ஒரு பால் மாவு டின் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். தம்புசாமி தலை நிமிராமல் அடுத்த பிள்ளையை வாளியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் கணக்குப் பார்த்தபோது இருப்பில் ஒரு டின் குறைந்தது. அதற்கு நேராகத் தம்புசாமி தன் பழைய வழக்கப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்: 'தண்ணிக் கழிவு.'